ஆறு வாரம் கொடுக்காத மருந்து

நேற்று மத்தியானம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் ஒரு சீசா கை தவறி விழுந்து உடைந்தது. கடைப்பெண் துணி எடுத்து வருவதற்குள் வாசனை பரவிவிட்டது. ஆரஞ்சு மிட்டாய் வாசனை, அதற்கு அடியில் லேசான ஒரு கசப்பு. குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்துதான். பெயரைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. என் மகளுக்கு ஒரு வயது தாண்டியதிலிருந்து நாலரை வயது வரைக்கும் தினமும் படுக்கப் போகும் முன் அதைத்தான் கொடுத்தோம், ஆறு வாரம் நீங்கலாக. அந்த ஆறு வாரத்தை முதலில் கண்டுபிடித்தவள் நீ. நீ இறந்து ஏழு வருடமாகிறது. சாயங்காலப் பால் எடுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதுகிறேன்.

நீ எங்கள் பக்கத்துக்காரி இல்லை. இடுக்கியில் சக்குபள்ளத்திலிருந்து வந்தவள். அங்கே உன் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார், அப்பா இல்லை, இவ்வளவுதான் முதலில் சொன்னாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த சின்ன லேபில் டெக்னீஷியன் வேலைக்கு வந்து, நான் வேலை பார்க்கிற பால் சொசைட்டிக்கு அடுத்த வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினாய். காலையில் அரை லிட்டர் பாலுக்கு வந்து நிற்பாய். வரிசையில் எல்லோரும் சீக்கிரம் ஊற்றிவிட்டுப் போக அவசரப்படுவார்கள். நீ மட்டும் நான் செய்கிற வேலையையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"இது எதுக்குக்கா?" என்று ஒருநாள் மெஷினைக் காட்டிக் கேட்டாய்.

"பால்ல தண்ணி கலந்திருக்குதான்னு பாக்கறதுக்கு."

"கலந்துருந்தா?"

"திருப்பி ஊட்டுக்கே கொண்டு போகோணும்."

"சண்டைக்கு வரமாட்டாகளா?"

"வராம இருப்பாங்களா? மெசினு காட்டறதத்தான நான் எழுத முடியும்."

நீ சிரித்தாய். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்க்கா. நீங்க பாலு, நான் ரத்தமும் ஒண்ணுக்கும்." பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேனைத் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து உனக்கு நான் அக்கா. நான் உன்னை எங்கள் வழக்கப்படி அம்மிணி என்று கூப்பிட்டேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அடித்துவிட்டுப் போய்விட்டது. பல் முளைக்கிறது என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டே சொசைட்டிக்குப் போயிருந்தேன். நீ பாலை வாங்கிக்கொண்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய்.

"சளி இருக்கா?"

"இல்ல."

"இருமல்? வயித்தால போகுதா?"

"அதுவும் இல்ல. காச்சல் மட்டுந்தான். பாலும் குடிக்க மாட்டீங்கறா."

"அப்ப ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணணும்க்கா. இன்னைக்கே."

எனக்கு அது விளங்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தைக்குச் சிறுநீரில் என்ன இருக்கப் போகிறது? ஆனாலும் நீ கேட்ட விதத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. வீட்டில் ஒரு பழைய டானிக் சீசாவைக் கழுவி, குழந்தை கழித்ததை எப்படியோ அதில் பிடித்து, வேலை எல்லாம் முடித்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தாய்.

"இது ஆகாதுக்கா."

"ஏன் ஆகாது? அவளோடதுதான்."

"அவளோடதுதான். ஆனா சீசாவுல இருந்ததும், தோல்ல இருந்ததும் சேந்து வந்துருக்கும். வெயில்ல வேற வந்துருக்கு. இதப் போட்டா நாலு கிருமி வளரும். எது புள்ளைக்குள்ள இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

ஊர் டாக்டர் மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார். எனக்குக் கோபம் வந்தது. "இந்த ஒரு தடவ பாத்து எழுதிக் குடு அம்மிணி. டாக்டருகிட்டக் காட்டுனாப் போதும்" என்றேன். லேபில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணி கலந்த பாலுக்கு நீங்க எழுதிக் குடுப்பீகளா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாய்.

பிறகு நாம் இரண்டு பேரும் லேபுக்குப் பின்னால் இருந்த மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குழந்தையைக் கழுவித் துடைத்து என் மடியில் துணி இல்லாமல் வைத்துக்கொண்டேன். நீ சுத்தம் செய்த டப்பாவின் மூடியைத் திறந்து கையில் பிடித்தபடி எதிரே குந்தியிருந்தாய். நான் பால் கொடுத்தேன். நீ அவள் அடிவயிற்றில் ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்தாய். ஒன்றும் நடக்கவில்லை. உன் கால் மரத்துப்போய் நீ மாறி உட்கார முயன்ற அந்த நொடியில்தான் அவள் கழித்தாள். பாதி டப்பாவிலும் மீதி உன் சட்டைக்கையிலும் விழுந்தது. காய்ச்சலோடு இருந்த குழந்தை உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. நீ அந்த டப்பாவை மூடி, அப்படியே உள்ளே ஓடினாய்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையே எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினாய். இரண்டாம் நாள், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் முடிவும் வந்தது. சிறுநீர்த் தொற்று. பாலக்காட்டில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்தோம். மருந்து கொடுத்தார், சரியானது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே காய்ச்சல், அதே டப்பா, அதே முடிவு. இரண்டாம் தடவை என்றதும் டாக்டர் எங்களைக் கோயம்புத்தூருக்கு ஒரு ஸ்கேனும் ஒரு படமும் எடுக்க அனுப்பினார்.

நீ லீவு போட்டுக் கூட வந்தாய். என் வீட்டுக்காரரும் வந்தார். ஆனால் குழந்தைக்குச் சின்னக் குழாய் ஒன்றைச் செருகப் போகிறார்கள் என்று கேட்டதும் அவர் வெளியே போய்விட்டார். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் நீயும் அவள் கையைப் பிடித்துக்கொண்டோம். குழாய் வழியாகச் சிறுநீர்ப் பையில் மருந்தை நிரப்பி, அவள் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் கத்தினாள். திரையில் ஒரு வெள்ளைக் கோடு கீழேயிருந்து மேலே ஏறியது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பிடி இறுகியது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நீ பிடித்திருந்த கையில் என் விரல்களும் இருந்தன.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். சிறுநீரகத்திலிருந்து குழாய் வழியாகச் சிறுநீர் கீழே பைக்கு வர வேண்டும். பை சுருங்கி வெளியேற்றும்போது குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு இடதுபக்கம் அது சரியாக மூடுவதில்லை. கொஞ்சம் திரும்ப மேலே ஏறிவிடுகிறது. சிறுநீரில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே சிறுநீரகம் வரைக்கும் போய்விடும்.

"மடைக்கதவு சரியா மூடாம தண்ணி வந்த வாய்க்காலுக்கே எதுத்து ஏறுதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்படித்தான். நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரத் தானா சரியாயிடும். அதுவரைக்கும் கிருமி வராமப் பாத்துக்கறதுதான் நம்ம வேலை."

தினமும் சின்ன அளவில் ஒரு மருந்து. நிறையத் தண்ணீர். மலச்சிக்கல் வரக் கூடாது. எந்தக் காய்ச்சல் வந்தாலும் மறுநாளுக்குள் சிறுநீர்ப் பரிசோதனை. டாக்டர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "ஒரு பக்கம் மட்டுந்தானே டாக்டர்?" ஒரு பக்கம் மட்டும்தான் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ பேசவேயில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நடந்தாள், ஓடினாள். இனி எழுதப் போவதை இதுவரை வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். உனக்கு நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டாம் போக அறுப்பு நேரம். மருந்து தீர்ந்துபோயிருந்தது. இங்கே கடையில் இல்லை, பாலக்காட்டிலிருந்துதான் வாங்கி வர வேண்டும். வீட்டில் ஆட்களுக்குச் சமையல், சொசைட்டியில் இரண்டு வேளை வேலை. நாளைக்குப் போகலாம் என்று இரண்டு நாள் தள்ளியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாளானது. ஒரு வாரமானது. அதற்குள் எனக்கு மருந்து கொடுக்கிற நேரத்துப் போராட்டம் இல்லாதது பழகிவிட்டது. அவள் வாயை இறுக மூடிக்கொள்வதும் பாதியைத் துப்புவதும் அழுவதும் இல்லை. நோயில்லாத குழந்தைக்கு எதற்குத் தினமும் மருந்து என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. அறுப்பு முடிந்தது, நான் பாலக்காட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

நீ கேட்டாய். பால் வாங்க வரும்போது மூன்று தடவை கேட்டாய். "மருந்து தவறாமப் போகுதாக்கா?"

"போகுது அம்மிணி" என்றேன். மூன்று தடவையும்.

ஆறாவது வாரம் குழந்தைக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை வாந்தியும் இருந்தது. லேபுக்கு ஓடி வந்தோம். நீ சிறுநீரைப் பிடித்து எடுத்துக்கொண்டு, "லேட் பண்ணாதீக, நேரா பாலக்காடு போயிருங்க" என்று எங்களை ஜீப்பில் ஏற்றிவிட்டாய். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். மருந்து தினமும் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். கொடுத்தோம் என்றேன்.

மூன்றாம் நாள் நீ ரிப்போர்ட்டோடு பஸ் ஏறி வந்தாய். போனில் சொல்லியிருக்கலாம். குழந்தையைப் பார்த்தாய், காலைத் தடவிக் கொடுத்தாய். பிறகு என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னாய். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. நீ உட்காரவில்லை.

"அக்கா, கிருமிய வளத்து, அது மேல ஒவ்வொரு மருந்துப் பொட்டா வெப்போம். எந்த மருந்துக்குச் சாகுதோ அதச் சுத்தித் தெளிஞ்சு வட்டமா இருக்கும். தெரியுமில்ல?"

"நீ சொல்லியிருக்கற."

"நீங்க தினம் குடுக்குற மருந்துக்கு இது நல்லாச் சாகுதுக்கா. இம்புட்டு பெரிய வட்டம்." விரலால் காட்டினாய். "தினம் அந்த மருந்து உள்ள போயிருந்தா, இந்தக் கிருமி எப்படிக்கா வளந்துச்சு?"

ஒரு நர்ஸ் வண்டி தள்ளிக்கொண்டு போனாள். அது போகும் வரைக்கும் நாம் சுவரோரமாக நின்றோம்.

"எத்தன நாளா?"

"ஆறு வாரம்."

திட்டுவாய் என்று நினைத்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்தாய். ரிப்போர்ட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாய்.

"எனக்கு ரெண்டு பக்கமும்க்கா" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. நீயே சொன்னாய். கட்டப்பனையில் லேப் படிப்பு படிக்கும்போது, மற்றவர்களுடையதைத் தொடுவதற்கு முன்னால் அவரவர் சிறுநீரையே சோதித்துப் பழகச் சொன்னார்களாம். கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடு காட்ட வேண்டும், சிறுநீரில் புரதம் போனால் திரியும். "எல்லாருக்கும் தெளிவா இருந்துச்சு. என்னோடது மட்டும் பால் திரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. டீச்சர் சரியாச் செய்யலன்னு திரும்பச் செய்யச் சொன்னாக. திரும்பவும் திரிஞ்சுச்சு." ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகமும் வடுப்பட்டுச் சுருங்கியிருந்தன. சின்ன வயதில் அடிக்கடி காரணமில்லாத காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டாராம். வந்தது. தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வரும். மலைக்குளிர் என்று நினைத்தார்கள். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சலும் விட்டுப் போனது. யாரும் சிறுநீரைச் சோதிக்கவில்லை.

"உனக்கு இப்ப எப்படி இருக்குது?"

"பிரஷர் மாத்திரை போடுறேன். கொஞ்ச நாள் ஓடும்னாக."

"இத எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"பொழைக்க வந்த எடத்துல நோய்க்காரின்னு சொல்லிக்கிட்டா வருவாக?" என்றாய். அந்த நேரத்தில் உன் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. லேபில் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல்தான். "டாக்டர்ட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. மருந்து குடுத்தும் கிருமி வந்துருச்சுன்னு அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு. வேற பெரிய மருந்துக்கு மாத்துவாரு. ஆபரேஷன்னு கூடச் சொல்லுவாரு. உங்க பொய்க்கு அந்தப் புள்ளையப் படுக்க வெக்கக் கூடாது."

அன்றைக்கே சொன்னேன். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு திரும்பிய அன்று மருந்துச் சீசாவை எடுத்துத் தன் சட்டை மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர்தான் கொடுத்தார். வயலில் எந்த வேலை இருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். அவள் துப்பினால் சட்டையில் துடைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்.

சில மாதம் கழித்து வடு இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன் எடுத்தோம். இடது சிறுநீரகத்தின் மேல்பகுதியில் இருந்தது. அந்தக் காய்ச்சலில் வந்ததா, முந்தையவற்றில் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை உன்னிடம் வந்து சொன்னேன். அதைச் சொன்னதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. நீயும் அப்படியே சொல்ல வேண்டும் என்கிற ஆசை. நீ, "முந்தி கோயம்புத்தூர்ல எடுத்த ஸ்கேன்ல மேல்பக்கம் நல்லா இருந்துச்சு, ஆனா அது வேற மாதிரி ஸ்கேன்" என்றாய். இவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, குற்றமாகவும் சேர்க்கவில்லை. மறுநாள் காலையில் எப்போதும் போலப் பாலுக்கு வந்தாய்.

அவளுக்கு மூன்று வயதானபோது உன் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு பத்தாமல் ஆண்கள் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாய். பாலை நிறுத்தினாய். "இனிமே பாலு ஆகாதாம்க்கா. சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று வரிசையின் கடைசியில் நிற்பாய். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் டயாலிசிஸ். நாலைந்து மாதம் அதோடேயே வேலைக்குப் போனாய். ஒருமுறை உன்னோடு பாலக்காட்டுக்கு வந்து நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் உன் ரத்தம் போவதையும் வருவதையும் நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். "நல்ல மெசின்க்கா. ஆனா நம்ம உள்ள இருக்கறது மாதிரி சத்தமில்லாமச் செய்யத் தெரியல" என்றாய்.

உன் அம்மா சிறுநீரகம் தருகிறேன் என்று வந்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. எடுக்க முடியாது என்றார்கள். அறையைக் காலி செய்து அவரோடேயே மலைக்குப் போனாய். போகும் அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டாய். வீங்கிய கையோடு அவளைத் தூக்கவிட எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலரை வயதில் மறுபடி அந்தக் குழாய்ப் படம் எடுத்தோம். இந்தத் தடவை வெள்ளைக் கோடு மேலே ஏறவில்லை. மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டரே சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று உனக்குப் போன் செய்தேன். உனக்குப் பேச மூச்சு போதவில்லை. "படத்த அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாய். அனுப்பினேன். வெகுநேரம் கழித்து, "கிளியர்" என்று ஒரு சொல் வந்தது. உன்னிடமிருந்து வந்த கடைசிச் செய்தி அதுதான்.

நீ போன செய்தி மூன்று நாள் தாமதமாகக் கிடைத்தது. பொள்ளாச்சி, உடுமலை, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிச் சக்குபள்ளம் வந்து சேர்ந்தேன். உன் அம்மா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பாலுக்கார அக்காவா?" என்று கேட்டார். உள்ளே கூட்டிப் போய்க் காபி கொடுத்தார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"சின்னதுல காய்ச்சல் அடிச்சா கம்பளியப் போத்திவிட்டுட்டு நான் வேலைக்குப் போயிருவேன்மா. வந்து பாத்தா வேர்த்து எந்திரிச்சு உக்காந்திருக்கும். காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்படுவேன். உள்ளுக்குள்ள அது என்ன செஞ்சுச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

நான் காபியைக் குடித்து முடித்தேன். எனக்குச் சொல்ல ஆள் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவது படிக்கிறாள். வலது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இடது கொஞ்சம் சிறியது, ஆனாலும் வேலை செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரியும். அந்த ஆறு வாரம் மட்டும் போன மாதம் வரைக்கும் தெரியாது. ஒவ்வொரு புது டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுவேன். அந்த வராந்தாவுக்குப் பிறகு நான் எந்த டாக்டரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் சொல்வதற்கு முன்னால் அவளை எடை பார்க்கவோ தண்ணீர் பிடிக்கவோ அனுப்பிவிடுவேன்.

போன மாதம் பாலக்காட்டில் புதிதாக வந்திருந்த பெண் டாக்டர் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டே மலையாளத்தில் கேட்டார். "மருந்து முழுக்கக் கொடுத்தோ, இடைக்கு நிர்த்தியோ?" பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே அனுப்பக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"ஆறு வாரம் நிறுத்திட்டனுங்க. நானாத்தான் நிறுத்துனேன்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பஸ் சித்தூரைத் தாண்டியது. பிறகு கேட்டாள். "ஏம்மா நிறுத்துனே?"

அறுப்பு, கடையில் மருந்து இல்லாதது, அவள் துப்பியது என்று என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. "நீ நல்லாத்தான இருக்கறேன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு."

"அப்பறம் எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். மொட்டை மாடியையும், உன் சட்டைக்கையையும், தெளிந்த வட்டத்தையும், உனக்கு இரண்டு பக்கமும் இருந்ததையும் சொன்னேன். அவளுக்கு உன் முகம் ஞாபகமில்லை. ஆண்கள் செருப்புப் போட்ட ஒரு அத்தை தன்னைத் தூக்கியது மட்டும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னாள். அது நிஜமான ஞாபகமா, நாங்கள் பேசிக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. லயத்தில் உன் அம்மா சொன்னதையும் சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க அம்மாவுக்குத் தெரியாதில்லம்மா. உனக்குத் தெரியுமில்ல."

கோபம் இல்லை அவள் குரலில். நீ ரிப்போர்ட் படிக்கிற குரல்.

"ஆமா. எனக்குத் தெரியும்" என்றேன்.

நீ என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அதற்காகக் காத்திருந்தேன், சக்குபள்ளத்துக்கு வந்தபோதுகூட, நீ உன் அம்மாவிடமாவது ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பாயோ என்று. இப்போது காத்திருக்கவில்லை. நீ எனக்குக் கொடுத்தது அது இல்லை. நடந்ததை நடந்த அளவுக்குச் சொல்ல வேண்டும், கூட்டாமல், குறைக்காமல். அதைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். சில நாள் கனமாக இருக்கிறது, சில நாள் இருப்பதே தெரிவதில்லை.

அன்று பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுவதற்குள் அவள் ஸ்கேன் தாள்கள் இருந்த பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த வருசம் டாக்டர் கேட்டா நானே சொல்லிக்கறேன்" என்றாள். "ஆறு வாரம்னு சொன்னாப் போதுமில்ல?"

"போதும்" என்றேன்.